பங்கும் பங்காளிகளும்: இன்ரெல் கொம்பனியின் மூலதன வரலாறு

பங்குச் சந்தையைப் பற்றி எழுதுவது முற்போக்கு எழுத்தாளருக்கு ஏற்ற பணியன்று என்று கருதும் நண்பர்கள் நம்மிடையே உளர். சூதாட்டத்தைப் பற்றி எழுதுவதற்கும் அதற்கும் வேறுபாடில்லை என்பது அவர்தம் எண்ணம். மறுபுறத்தே, நம் பல்கலைக்கழக மாணவர் சிலர் கைத்தொலைபேசியிலே நியூயோர்க் சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகின்றனர். இன்ன ஆண்டில் இன்ன கொம்பனியில் ஆயிரம் டொலர் இட்டிருந்தால் இன்று இத்தனை இலட்சம் என்று கணக்குக் காட்டும் எழுத்துக்களுக்கும் குறைவில்லை. இவ்விரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இட்ட பணம் பெருகியது என்கிறோமே, அது எதனாற் பெருகியது? பணத்தைத் தவிர வேறெவற்றை யார் யார் இட்டனர்? இட்டவரெல்லாம் பங்கு பெற்றனரா?

இக்கேள்விகளுக்கு விடைகாண நாம் இன்ரெல் கொம்பனியை எடுத்துக்கொள்கிறோம். கணினியின் மூளையெனச் சொல்லப்படும் நுண்செயலியை 1971 இல் முதன்முதல் யாவரும் வாங்கக்கூடிய பண்டமாகச் சந்தைக்குக் கொண்டுவந்த கொம்பனி அது. அதன் வயது அறுபதைத் தாண்டவில்லை. அதன் பிறப்பிலிருந்து யார் எவ்வளவு பணம் போட்டனர் என்பதும் பெரும்பாலும் வெளிப்படையாகவே கிடக்கிறது. முதலாளித்துவம் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த சாட்சியம் இவ்வளவு துலக்கமாக வேறு பல தொழில்களிற் கிடைப்பதில்லை.

கதையை 1968 இல் தொடங்குவது கொம்பனிப் புகழுரை எழுதுவோரின் வழக்கம். நாம் இருபதாண்டு முன்செல்லவேண்டும். சிலிக்கன், ஜேர்மேனியம் போன்ற மூலகங்கள் செம்பைப்போல் மின்னைத் தாராளமாகக் கடத்துவதுமில்லை. கண்ணாடியைப்போல் முற்றாகத் தடுப்பதுமில்லை. இவற்றைக் குறைகடத்திகள் என்பர். இவற்றிலே வேண்டிய இடத்தில் வேண்டிய அசுத்தத்தை மிகச் சிறிதளவு கலந்தால், ஒரு சிறு மின்னோட்டத்தைக் கொண்டு இன்னொரு மின்னோட்டத்தைத் திறக்கவும் மூடவும் கூடும். இந்தத் தத்துவத்தின் மேல் எழுந்த திரான்சிஸ்ரர் 1947 டிசெம்பரில் நியூ ஜேர்சி மாநிலத்துப் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்தது. ஜோன் பார்டீன், வால்ரர் பிறற்றெயின் ஆகிய இருவரும் அதனைச் செய்து காட்டினர். அவர்தம் குழுவின் தலைவர் வில்லியம் ஷொக்லி அதனினும் செம்மையான ஒரு வடிவத்தை வகுத்தார். மூவரும் 1956 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

அந்த ஆய்வுகூடத்தின் செலவை யார் ஏற்றனர்? அமெரிக்கத் தொலைபேசித் தந்திக் கொம்பனி ஏற்றது. அக்கொம்பனி அந்நாளில் ஓர் ஏகபோகம். அரசின் ஆணைக்குழுக்கள் அதன் கட்டணங்களை ஒழுங்குபடுத்தின. ஆகவே, ஆய்வுக்குச் சென்ற பணம் ஈற்றிற் சந்தாதாரர் மாதாமாதம் செலுத்திய கட்டணத்திலிருந்து வந்ததே. ஏகபோகத்துக்கெதிராக அரசு தொடுத்த வழக்கு 1956 இல் ஓர் உடன்பாட்டில் முடிந்தபோது, அதுவரை பெல் பெற்றிருந்த காப்புரிமைகள் ஏனைய அமெரிக்கக் கொம்பனிகளுட் பெரும்பாலானவற்றுக்கு உரிமைக்கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டன. திரான்சிஸ்ரர் தொழிலுக்குப் பொதுமக்கள் இட்ட முதல் மூலதனம் இது. இதற்கு எவரும் பங்குப்பத்திரம் எழுதிக் கொடுக்கவில்லை.

ஷொக்லி 1956 இற் கலிபோர்னியாவுக்குச் சென்று சொந்தமாக ஓர் ஆய்வுகூடம் அமைத்தார். நுண்ணறிவு மிக்க இளைஞரைத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அவரிடமிருந்தது. அவர்களோடு வாழும் ஆற்றல் இருக்கவில்லை. (பிற்காலத்தில் இவரே கறுப்பின மக்கள் பிறப்பால் அறிவு குறைந்தோர் என்று மேடைதோறும் பேசித் திரிந்தார். பௌதிகத்தில் மேதையாயிருப்பது மானிடத்தில் அறிவிலியாயிருப்பதைத் தடுக்காது போலும்.) 1957 இல் எண்மர் அவரை விட்டு விலகினர். அவர்களுள் றொபேட் நொய்ஸ், கோர்டன் மூர் ஆகிய இருவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

எண்மருள் ஒருவரான யூஜின் கிளைனர் தம் தந்தையின் பங்குத்தரகருக்கு நியூயோர்க்கிற்கு ஒரு கடிதம் எழுதினார். எண்மரையும் ஒன்றாகவே வேலைக்கமர்த்தும் கொம்பனி ஏதேனும் உண்டா என்பதே அவர்கள் கேட்டது. அக்கடிதம் ஆதர் றொக் என்னும் இளைஞரின் கைக்கு வந்தது. வேலை தேடவேண்டாம், கொம்பனியே தொடங்குங்கள் என்றார் றொக். முப்பதுக்கு மேற்பட்ட கொம்பனிகளை அணுகி மறுப்புப் பெற்றபின், ஷேர்மன் பெயர்சைல்ட் என்பவர் இசைந்தார். இவருடைய தந்தை, பின்னர் ஐ.பீ.எம். எனப் பெயர்பெற்ற கொம்பனியின் முதற் தலைவர். இவரோ அதன் மிகப்பெரிய தனிப் பங்குதாரர். புத்தம்புதிய தொழிலுக்குத் துணிந்து கொடுத்த பணம் பழைய தொழிலொன்றின் இலாபப் பங்கே என்பதைக் குறித்துக்கொள்வது நன்று. எண்மரும் தலைக்கு 500 டொலர் இட்டனர். பெயர்சைல்ட் கொம்பனி 13 இலட்சத்து 80 ஆயிரம் டொலர் அளித்து, பங்குகள் யாவற்றையும் 30 இலட்சத்துக்கு வாங்கிக்கொள்ளும் உரிமையையும் எழுதிப் பெற்றுக்கொண்டது. இரண்டே ஆண்டுகளில் அவ்வுரிமையைப் பயன்படுத்தியது. எண்மர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய 3 இலட்சம் டொலர் பெறுமதியான பங்குகளைப் பெற்றனர். அன்று முதல் மீண்டும் சம்பளக்காரராயினர்.

இரண்டாண்டில் அத்தகைய பெறுமதி எங்கிருந்து முளைத்தது? முதலாவது கட்டளை நூறு திரான்சிஸ்ரர்களுக்கு. விலை ஒன்று 150 டொலர். வாங்கியது ஐ.பீ.எம். அவை பயன்பட்டதோ அமெரிக்க வான்படைக்கெனத் திட்டமிடப்பட்ட குண்டுவீச்சு விமானமொன்றின் கணினிக்கு. அதன் பின்னர் மினிற்மன் ஏவுகணை வந்தது. 1959 இல் நொய்ஸ் பல திரான்சிஸ்ரர்களை ஒரே சிலிக்கன் துண்டிற் பதித்து இணைக்கும் வழியைக் கண்டபோது, அந்த விலையுயர்ந்த சில்லை முதலில் வாங்கும் ஆற்றல் அரசுக்கே இருந்தது. அப்பலோ விண்கலத்தின் வழிகாட்டுங் கணினி பெயர்சைல்ட் சில்லுகளைக் கொண்டு அமைந்தது. ஆரம்பகாலத்தில் நட்டப்படக்கூடிய பண்டத்தைக் கேட்ட விலைக்கு வாங்கி, தொழில் பழகும்வரை தாங்கிநின்றது வரி செலுத்துவோரின் பணம். சந்தை என்பது பின்னர் வந்தது.

இதைக் கொண்டு, எல்லாம் பென்ரகனின் சதியே என்று முடிவு கட்டுவோருடன் நாம் உடன்படவில்லை. பெயர்சைல்டின் ஜீன் ஹோர்னி கண்டுபிடித்த சமதள முறையும் நொய்சின் இணைப்பு முறையும் உண்மையான அறிவுழைப்பின் பயன்கள். அரசின் கட்டளை அவற்றுக்கு வழிவிட்டது, அவற்றைச் சிந்திக்கவில்லை.

பெயர்சைல்ட் தன் சில்லுகளைக் கோத்து முடிக்கும் வேலையை 1963 இலேயே ஹொங்கொங்கிற்குக் கொண்டுசென்றது. 1965 இல், நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் நவஹோ ஆதிக்குடியினரின் நிலத்தில், ஷிப்றொக் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலை திறந்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேலைசெய்த காலமுண்டு, பெரும்பாலோர் பெண்கள். 1969 இல் கொம்பனி வெளியிட்ட சிற்றேடொன்று நவஹோப் பெண்கள் நெய்யும் கம்பளத்தின் கோலத்தையும் சில்லின் கோலத்தையும் அருகருகே காட்டி, பரம்பரைக் கைத்திறனே இங்கும் வெளிப்படுகிறது என்னும் பொருள்பட எழுதிற்று. நூற்றாண்டுக் கணக்கில் நிலம் பறிகொடுத்த ஒரு மக்கட் கூட்டத்தின் வறுமை ‘இயல்பான கைத்திறனாக’ உருமாறும் விந்தையை இதனினும் அழகாகக் காட்ட இயலாது. கைத்திறன் உண்மையாயின் அதற்கேற்ற கூலி கொடுத்திருக்கலாம். 1975 பெப்ரவரியில், வேலைநீக்கத்தை எதிர்த்து அமெரிக்க இந்தியர் இயக்கத்தினர் அத்தொழிற்சாலையைக் கைப்பற்றிச் சில நாள் வைத்திருந்தனர். கொம்பனி அதனைக் காரணங்காட்டித் தொழிற்சாலையை ஒரேயடியாக மூடிவிட்டது.

இதற்கிடையில் நொய்சும் மூரும் வெளியேறிவிட்டனர். தம் உழைப்பாற் பெருகிய இலாபம் கிழக்குக் கரையிலுள்ள தாய்க்கொம்பனிக்குப் போவதும், தலைமைப் பதவி நொய்சைத் தாண்டிச் சென்றதும் அவர்களை உறுத்தின. 1968 யூலையில் இன்ரெல் பிறந்தது. இருவரும் தலைக்கு ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டொலர் இட்டனர். எஞ்சியதைத் திரட்டியவர் அதே ஆதர் றொக். நொய்ஸ் தட்டெழுதிக் கொடுத்த திட்டம் ஒன்றரைப் பக்கத்துக்கு மேற்படவில்லை. எதைச் செய்யப்போகிறோம் என்பதுகூட அதிலே தெளிவாக இல்லை. ஆயினும் 25 இலட்சம் டொலர் உடனடியாகச் சேர்ந்தது. நிலமோ, இயந்திரமோ, சரக்கோ பிணையாக இல்லாத இடத்தில் மனிதரின் மூளையைப் பிணையாகக் கொண்டு மூலதனம் பாயத் தொடங்கிய காலம் இது. மாக்ஸ் கண்ட ஆலை முதலாளிக்கும் இந்த ‘துணிகர முதலீட்டாளருக்கும்’ உள்ள வேறுபாட்டை நம் இடதுசாரி ஆய்வாளர் போதியளவு ஆராயவில்லை என்றே சொல்லவேண்டும். றொக் தொழிற்சாலை நடத்தவில்லை, பண்டம் விற்கவில்லை. பிறர் பணத்தைத் திரட்டி, எந்த மனிதரை நம்புவது என்று தீர்மானித்தார். அத்தீர்மானத்துக்கும் ஒரு பெறுமதி உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. அதற்குக் கிடைத்த கூலிக்கும் சில்லைக் கோத்த கைக்குக் கிடைத்த கூலிக்கும் உள்ள இடைவெளியே நம் கவனத்துக்குரியது.

அந்த முதலீட்டாளருள் ஒரு கல்லூரியும் இருந்தது. ஐயோவா மாநிலத்துக் கிறினெல் கல்லூரி நொய்ஸ் படித்த இடம். கல்லூரியும் அதன் தருமகர்த்தாக்கள் இருவரும் சேர்ந்து 3 இலட்சம் டொலர் அளித்தனர். கல்லூரி 1974 இல் அப்பங்குகளை விற்றபோது ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் டொலர் கிடைத்தது. ஆசிரியர்களாகிய நம் வாசகர் இதைப் படித்து மகிழ்வதிற் தவறில்லை. நொய்ஸ் மாணவனாயிருந்த நாளில் அவருக்குத் திரான்சிஸ்ரரை அறிமுகஞ் செய்தவர் அக்கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் கிறான்ற் கேல். ஆயினும் அது நல்ல நண்பர்களையும் செல்வந்தத் தருமகர்த்தாக்களையும் உடைய கல்லூரி. தொலைபேசிக் கட்டணம் கட்டியோருக்கு அத்தகைய நண்பர் இல்லை.

இன்ரெல் 1971 ஒக்டோபரிற் பொதுமக்களுக்குப் பங்கு விற்றது: பங்கொன்று 23.50 டொலர், திரண்ட தொகை 68 இலட்சம் டொலர். அடுத்த மாதமே 4004 என்னும் நுண்செயலி அறிவிக்கப்பட்டது. ஒரு விரல்நகத்தினும் சிறிய பரப்பில் 2,300 திரான்சிஸ்ரர்கள். இதுவும் முதலீட்டாளரின் தீர்க்கதரிசனத்தாற் பிறந்ததன்று. பிசிக்கொம் என்னும் யப்பானியக் கணிப்பொறிக் கொம்பனி தன் மேசைக் கணிப்பொறிக்குப் பல சில்லுகள் வேண்டுமெனக் கேட்டது. ரெட் ஹொப் அவற்றைச் சில சில்லுகளாகச் சுருக்கும் யோசனையைக் கூறினார். இத்தாலியிலிருந்து வந்த பெடரிக்கோ பஜீன் சில்லை வரைந்தார். யப்பானியரான மசாத்தோஷி ஷிமா அவரருகிருந்து உழைத்தார். உரிமையோ கட்டளையிட்ட பிசிக்கொம்மிடம் இருந்தது. யப்பானியக் கொம்பனி நெருக்கடியில் விலைகுறைப்புக் கேட்டபோது, இன்ரெல் 60,000 டொலரைத் திருப்பிக் கொடுத்து அவ்வுரிமையை மீட்டுக்கொண்டது. வரலாற்றில் இவ்வளவு மலிவாகக் கைமாறிய சொத்துக்கள் சிலவே.

கொம்பனியின் பங்குகள் யாரிடம் இருந்தன? நொய்ஸ் இவ்விடயத்தில் பழைய முதலாளிகளினும் தாராளமானவர். பொறியியலாளர் யாவர்க்கும் அலுவலகப் பணியாளருட் பெரும்பாலோர்க்கும், பங்குகளைப் பின்னர் பழைய விலைக்கே வாங்கும் உரிமை வழங்கப்பட்டது. சிலர் செல்வராயினர். இந்த ஏற்பாட்டை முதலாளித்துவத்தின் சனநாயகம் என்று புகழ்வோர் பலர். அதே நொய்ஸ், தொழிற்சங்கம் இல்லாதிருப்பது இத்தொழிலின் உயிர்நிலை என்பதில் உறுதியாயிருந்தார். பங்காளியாகலாம், சங்கமாகக் கூடாது.

1972 இல் இன்ரெல் தன் முதற் கடல்கடந்த தொழிற்சாலையைப் பினாங்கில் நிறுவியது. மலாயாக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்து, மயிரிழையினும் நுண்ணிய பொற்கம்பிகளைச் சில்லோடு இணைத்தனர். சில்லு உலகின் பார்வைக்கு எட்டாதது; அதனைப் பார்த்தே பணிசெய்தவை இப்பெண்களின் கண்கள். மலேசிய அரசு இலத்திரனியல் தொழிலாளர்க்கெனத் தனித் தொழிற்சங்கம் அமைக்க நெடுங்காலம் இடமளிக்கவில்லை. 1988 இல் இணங்கியபோதும் கொம்பனிக்குள் அடங்கிய சங்கங்களுக்கே இணங்கியது. தீர்வையற்ற வலயம், மலிந்த கூலி, சங்கமின்மை ஆகிய மூன்றும் மலேசிய மக்கள் இன்ரெலில் இட்ட முதலீடு என்று கூறின் மிகையாகாது. சில்லுத் தொழில் புகைபோக்கியில்லாத தூய தொழில் என்று சொல்லப்பட்டதுண்டு. கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா மாவட்டத்திலோ, நிலத்தடியில் இறங்கிய கரைப்பான்கள் முதலியவற்றாற் கெட்டு, நடுவண் அரசின் துப்புரவுப் பட்டியலில் ஏறிய இடங்கள் இருபத்துமூன்று. அமெரிக்காவின் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை இல்லை.

எண்பதுகளில் யப்பானிய நினைவகச் சில்லுகள் அமெரிக்கச் சந்தையை வென்றன. அப்போது தனியார் மூலதனத்தின் துணிவு எங்கே போயிற்று? 1982 இன் இறுதியில் ஐ.பீ.எம். 25 கோடி டொலர் கொடுத்து இன்ரெலின் 12 வீதப் பங்குகளை வாங்க உடன்பட்டது. தன் சிறு கணினிக்கு வேண்டிய செயலியைத் தரும் கொம்பனி சாய்ந்துவிடலாகாதென்ற அச்சமே காரணம். 1985 இல் இன்ரெல் நினைவகத் தொழிலைக் கைவிட்டது, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர், 1986 இல் நட்டம் 17 கோடி டொலருக்கு மேல். ஐ.பீ.எம். 1987 இல் தன் பங்குகளை விற்றுத் தீர்த்தது. அவ்வாண்டிலேயே அமெரிக்கச் சில்லுக் கொம்பனிகள் செமாற்றெக் என்னும் கூட்டமைப்பை உருவாக்கி அரசை நாடின. ஐந்தாண்டுக்கு 50 கோடி டொலர் கிடைத்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நொய்ஸ்.

அதே 1987 இல் தாய்வானில் மொறிஸ் சாங் ஒரு கொம்பனியைத் தொடங்கினார். ஏறக்குறைய அரைப்பங்கு மூலதனம் அந்நாட்டு அரசினுடையது. கால்பங்குக்கு மேல் ஒல்லாந்தின் பிலிப்ஸ் கொம்பனியினுடையது. பிறர் வரைந்த சில்லைச் செய்து கொடுப்பது மட்டுமே அதன் தொழில். இதனால் தொழிற்சாலையே இல்லாது, வரைவாளரை மட்டும் வைத்துச் சில்லுக் கொம்பனி நடத்தலாம் என்றாயிற்று. 1993 இல் தோன்றிய என்விடியா அவ்வகையது. இன்ரெலின் பழைய போட்டியாளரான ஏ.எம்.டி. கொம்பனியும் 2009 இல் தன் தொழிற்சாலைகளைப் பிரித்துவிட்டது.

இன்ரெல் தொழிற்சாலையையும் வைத்துக்கொண்டு தொண்ணூறுகளில் உச்சத்தை எட்டிற்று. 2000 ஆம் ஆண்டில் அதன் சந்தைப் பெறுமதி 50,000 கோடி டொலரளவில் நின்றது. அதற்குப் பின்வந்த ஆண்டுகளின் கணக்கே நமக்கு முக்கியம். 1990 முதல் 2021 வரை இன்ரெல் தன் சொந்தப் பங்குகளைத் தானே சந்தையில் வாங்குவதற்குச் செலவிட்டது 15,200 கோடி டொலர். பங்கின் எண்ணிக்கை குறையும். எஞ்சிய பங்கின் விலை ஏறும். பங்குதாரரும், பங்குகளாகவே ஊதியம் பெறும் மேலாளரும் மகிழ்வர். இவ்வாறு செலவிட்ட காலத்தின் பிற்பகுதியிலேதான் கொம்பனி தன் உற்பத்தி நுட்பத்தில் தாய்வானுக்குப் பின்தங்கியது. இரண்டுக்கும் இடையே நேரடித் தொடர்பு உண்டெனச் சொல்லப் புகுந்தால் பொறியியலாளர் நம்மோடு வழக்காடுவர். நுட்பத்தில் நேர்ந்த தடங்கலுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், 2022 ஓகஸ்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சில்லுத் தொழில் முழுவதையும் தூக்கி நிறுத்துவதற்கென ஒதுக்கிய தொகை ஏறத்தாழ 5,270 கோடி டொலர். ஒரேயொரு கொம்பனி தன் பங்கைத் தானே வாங்க எரித்த பணத்தில் அது மூன்றிலொரு பங்கு.

இன்ரெல் 2024 இல் 1,880 கோடி டொலர் நட்டமடைந்தது. அவ்வாண்டு ஓகஸ்டிற் 15,000 அளவினரை வேலைநீக்கம் செய்யப்போவதாக அறிவித்தது. மறுநாட் பங்குவிலை நான்கிலொன்றுக்கு மேற் சரிந்தது. 2025 மார்ச்சிற் தலைமைப் பதவியை ஏற்ற லிப்-பு டான் மலேசியாவிற் பிறந்தவர். ஓகஸ்ட் 22 ஆம் திகதி, தாராள வணிகத்தின் தலைப்பீடமெனப்படும் ஐக்கிய அமெரிக்காவின் அரசாங்கம், பங்கொன்று 20.47 டொலர் வீதம் 43 கோடி 33 இலட்சம் பங்குகளை, கொம்பனியின் பத்திலொன்றளவை, 890 கோடி டொலருக்கு ஏற்க உடன்பட்டது. இது புதிதாக எடுத்த பணமன்று; மானியமாகக் கொடுப்பதற்கென ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்த பணமே பங்காக மாற்றப்பட்டது. இதைச் சோசலிசம் என்று சில அமெரிக்கர் அலறினர். நம் தோழர் சிலரும் அரசுடைமையின் முதற்படி என்று மயங்கியதாகக் கேள்வி. உடன்படிக்கையைப் படித்தால் இரண்டு மயக்கமும் தீரும். அரசாங்கம் இயக்குநர் சபையில் ஆசனம் கேட்கவில்லை. வாக்களிக்க நேரின், சில விலக்குகள் தவிர, சபையின் பக்கமே வாக்களிப்பதாக இசைந்தது.

அடுத்த மாதம் என்விடியா 500 கோடி டொலருக்கு இன்ரெல் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. அன்று ஒரே நாளில் இன்ரெல் பங்கின் விலை ஐந்திலொன்றுக்கு மேல் ஏறிற்று. அதே ஆண்டு யூலையில் ஒறிகன் மாநிலத்து இன்ரெல் தொழிற்சாலைகளிலும் ஆய்வுகூடங்களிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வேலைநீக்க அறிவித்தல் கொடுக்கப்பட்டிருந்தது. அரசாங்கம் பங்கு வாங்கியபோது வெளியிடப்பட்ட நிபந்தனைகளுள் அவர்தம் வேலையைப் பற்றிய நிபந்தனை ஒன்றும் காணப்படவில்லை.